புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்த கோப்பு

அத்தியாயம் 9

மூன்று மணிக்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். கறார் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். எழுதுகிறதா என்று ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிப் பார்த்தாள். எழுதியது. மூடியை மாட்டி மேசையின் மறுகோடிக்குத் தள்ளிவிட்டாள். பேனா எழுதவில்லை என்று சாக்குச் சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. நல்ல பேனா இருந்தும் போடவில்லை என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கறார் என்பது அம்மா அப்பா வைத்த பெயர் அல்ல. அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே ஒட்டிக்கொண்ட பட்டம். ஊருக்குத் தண்ணீர் விடும் பத்துத் தொட்டிகளிலிருந்தும் தினமும் காலையில் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். முடிவுச் சீட்டு ஆய்வகத்திலிருந்து அவள் மேசைக்கு வரும். அதைக் கூடத்தின் இணையதளத்தில் ஏற்றுவது அவள் வேலை. சீட்டில் தேதி இல்லையா, ஏற்ற மாட்டாள். கையெழுத்து இல்லையா, ஏற்ற மாட்டாள். முதலாளியே வந்து நின்றாலும் சீட்டு எங்கே என்றுதான் கேட்பாள்.

அப்படிப்பட்டவள் முன்னால் இப்போது நாலு வரிக் கடிதம் ஒன்று கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஏழாம் தொட்டியின் முடிவை 'குடிக்கக் கூடாது' என்பதிலிருந்து 'குடிக்கலாம்' என்று தவறுதலாக மாற்றியது நான்தான், அதற்கு வருந்துகிறேன் என்று முதலாளி அவள் பெயரில் அடித்து வைத்திருந்தார். அவள் ஏற்றியது 'குடிக்கக் கூடாது' என்றுதான். ஆனால் மதியம் ஒரு மணிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் தளத்தைப் பார்த்தபோது 'குடிக்கலாம்' என்று இருந்தது. திறந்துவிட்டார். புதன்கிழமை விடிவதற்குள், அந்தத் தொட்டித் தண்ணீர் போகும் புதுக் குடியிருப்பில் பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அதில் ஒருத்தி கறாரின் அக்கா மகள், ஆறு வயது.

அக்கா ஒரே ஒரு தடவைதான் போனில் பேசினாள். "நீதானேடி அந்த வேலையப் பாக்கற," என்றாள், வைத்துவிட்டாள். அதற்கப்புறம் கறார் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் போலீஸ் வரை போகாது, வேலையும் நிலைக்கும் என்று முதலாளி இதமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கையெழுத்து அக்காவுக்கு அவள் எழுதிக் கொடுக்கும் பதிலாகிவிடும். ஆமாம் அக்கா, நான்தான் என்று. அவளுக்குப் பயம்தான். அதைவிட மூன்று மடங்கு கோபமும் இருந்தது.

கதவைத் தட்டிவிட்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். சுகாதார அதிகாரி நாலு மணிக்குள் விசாரணை அறிக்கை கேட்டிருந்தார். அதை எழுதுவதற்காக முதலாளி அமர்த்திய தனியார் துப்பறிவாளர்தான் முன்னால் வந்தவர். தபால் இலாகாவில் காணாமல் போன கடிதங்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். அழிந்துபோன தபால் முத்திரையைக்கூட வெளிச்சத்தில் காட்டிப் படித்துவிடுவார் என்பதால் அவரை முத்திரை என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். பின்னால் வந்தவன் அவர் மனைவியின் தம்பி, உதவியாளன், பிரின்டருக்கு மை நிரப்பும் கடைக்காரன். பத்து விரலில் எட்டு விரல் கறுப்பாக இருந்தது.

இத்தனை துப்பறிவாளர்கள் இருக்கும் ஊரில் தபால்காரரைத் தேடிப் பிடித்தாரே முதலாளி, கணினி தெரியாத ஆளாக வேண்டும் என்றுதானே என்று கறார் நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் தப்பில்லை, அதுதான் உண்மை.

அந்த அலுவலகத்தில் யாரும் கைபேசியோடு உள்ளே வரக்கூடாது. வாசலில் இருக்கும் மர அலமாரியின் சிறு அறைகளில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மச்சினன் மட்டும் போனைக் கையில் வைத்திருந்தான். வாட்ச்மேன் கேட்டபோது, இது போன் இல்லை, பெண்டாட்டி என் கழுத்தில் கட்டிய மணி, கழற்றினால் தேடி வந்துவிடுவாள் என்று சொன்னானாம். வாட்ச்மேன் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

"நீங்க முதலாளி கூட்டிட்டு வந்த ஆளுங்க. உங்ககிட்ட சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல," என்றாள் கறார்.

"பேசாதவங்கன்னா மாமாவுக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றான் மச்சினன். "முப்பது வருஷம் கவரோடதான் பேசினாரு. எங்க அக்காவோட பேசறது இன்னிக்கும் கம்மிதான்."

முத்திரை சிரிக்கவில்லை. கடிதத்தைப் பார்த்தார், தள்ளி வைத்த பேனாவைப் பார்த்தார். ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டார். செய்திருந்தால் புதன்கிழமையே போட்டிருப்பேன் என்றாள் அவள். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குக் கணினி தெரியாது, ஆனால் ஒரு பொருள் இங்கிருந்து அங்கே எப்படிப் போகிறது என்று யாராவது சொன்னால் புரியும், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

அவள் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஒரே தளம், இரண்டு பிரதி. ஒன்று இந்த மேசைக் கணினியில் இருக்கிறது. இன்னொன்று வெளியே எங்கோ இருக்கும் சர்வரில் இருக்கிறது, ஊர் பார்ப்பது அதைத்தான். அவள் திருத்துவது, ஏற்றுவது எல்லாம் இந்தப் பிரதியில். மணிக்கு ஒரு முறை ஒரு புரோகிராம் தானாக ஓடும். இரண்டு பிரதியையும் ஒவ்வொரு கோப்பாக ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே மாதிரி இருந்தால் தொடாது. வித்தியாசம் இருந்தால் எது பிந்திய நேரத்தில் சேமித்ததோ அதை எடுத்து மற்றதன் மேல் போட்டுவிடும். இதற்கு சிங்க் என்று பெயர்.

"ரெண்டு தபால் ஆபீஸ்," என்றார் முத்திரை. "புறப்படற ஆபீஸ்ல ஒரு முத்திரை விழும். போய்ச் சேர்ற ஆபீஸ்ல ஒண்ணு விழும்."

கடிதத்தோடு முதலாளி ஒரு தாளை இணைத்திருந்தார். இந்த மேசைக் கணினி செவ்வாய்க்கிழமை எப்போது என்ன செய்தது என்ற பட்டியல். அதில் ஒரு வரியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்: ஏழாம் தொட்டியின் பக்கம் 12.25-க்குத் திருத்தப்பட்டது. வாசல் பதிவேட்டின்படி கறார் 11.30-க்குப் பல் டாக்டரிடம் போய் 12.15-க்குத் திரும்பியிருந்தாள். முதலாளி 12.00-க்கு வந்து 12.10-க்கே போய்விட்டார். ஆக, 12.25-க்கு இந்த அறையில் இருந்தது அவள் ஒருத்திதான். வட்டத்துக்கு அர்த்தம் அதுதான். மூன்று நாளாக அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது.

முத்திரை வட்டத்தைப் பார்க்கவே இல்லை. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மற்ற வரிகளைப் படித்தார்.

"இந்த ஏழாம் தொட்டி லெட்டர் மூணு தடவை போயிருக்கே. பதினொண்ணு, பன்னிரண்டு, ஒண்ணு."

அவள் விளக்கினாள். அன்றைய பக்கத்தைப் புதிதாக உருவாக்கி 10.55-க்குச் சேமித்தாள், அது பதினோரு மணி சிங்க்கில் போனது. 12.25-க்கு எவனோ திருத்தியது ஒரு மணி சிங்க்கில் போனது. நடுவில் பன்னிரண்டு மணிக்குப் போனது என்று சொல்ல வந்தவள் அப்படியே நின்றாள்.

பன்னிரண்டுக்கு ஏன் போக வேண்டும்? பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இங்கே யாரும் அந்தக் கோப்பைத் தொடவில்லை. தொடாத கோப்பை சிங்க் அனுப்பாது. அனுப்பியிருக்கிறது என்றால் அந்தப் பக்கம் இருந்த பிரதி மாறியிருக்க வேண்டும்.

"அங்க போனப்புறம் எவனோ கவரைப் பிரிச்சிருக்கான்," என்றார் முத்திரை.

சர்வர் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதை இதுவரை யாரும் கேட்கவில்லை. முதலாளி கேட்கவில்லை, கேட்டிருக்க மாட்டார். அவளுக்கே தோன்றவில்லை என்பதை நினைத்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், அவளும் முதலாளியும். திறந்தாள். மச்சினன் பிரின்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, மை போதாது, அடுத்த வாரம் கடைப் பக்கம் வாங்க என்று சொல்லிக்கொண்டே தாளை உருவினான்.

சர்வரின் தாளில் இருந்தது: ஏழாம் தொட்டியின் பக்கம் 10.50-க்கு வெளியிலிருந்து நேரடியாகத் திருத்தப்பட்டது. இந்த அலுவலகத்து இணைப்பிலிருந்து அல்ல, வேறெங்கிருந்தோ.

வேறெங்கிருந்தோ என்றால் அது அவள் இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் கூரை ஏறிக் குதிப்பாளா? அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"இது ஒத்து வராது சார்," என்றாள். "நான் அந்தப் பக்கத்தை உருவாக்கினதே பத்து அம்பத்தஞ்சுக்கு. மேல போனது பதினொண்ணுக்கு. பத்து அம்பதுக்கு அத மாத்தறதுக்கு அங்க ஃபைலே இல்லையே."

முத்திரை ஒரு வரியை விரலால் காட்டினார். அதே பக்கம் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் 10.40 என்று இருந்தது. பதினோரு மணிக்குப் புறப்பட்டது பத்து நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஆஹா," என்றான் மச்சினன். "நம்ம இலாகாவுல இப்படி ஒரு சர்வீஸ் இருந்திருந்தா நீங்க ரிட்டயர் ஆகியிருக்கவே வேணாம் மாமா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் தாளை முதலாளியிடம் நீட்டினால் என்ன சொல்வார் என்று தெரியும். சர்வர் உளறுகிறது, அதன் நேரத்தை எவன் நம்புவான் என்பார். இங்கிருக்கும் தாளுக்குச் சிவப்பு வட்டம் இருக்கிறது, அதுவே போதும் என்பார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அது இரண்டரை காட்டியது.

"இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு," என்றாள்.

"முப்பதுங்க," என்றான் மச்சினன்.

"அம்பது. அந்தக் கடிகாரம் இருபது நிமிஷம் ஃபாஸ்ட்."

மச்சினன் தன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். இரண்டு முப்பது. சுவரில் இரண்டு முப்பது. இரண்டும் ஒன்றுதான்.

அவள் மெதுவாக எழுந்து நின்றாள். அந்தக் கடிகாரம் அவள் சேர்ந்த நாளிலிருந்து இருபது நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஆட்கள் தாமதமாக வருகிறார்கள் என்று முதலாளி தள்ளி வைத்தது. கொஞ்ச நாளில் எல்லோரும் சுவரைப் பார்க்காமல் கணினித் திரையின் மூலையில் நேரம் பார்க்க ஆரம்பித்தார்கள். அது தெரிந்ததும் கணினிகளையும் இருபது நிமிடம் தள்ளி வைக்கச் செய்தார், தானாகத் திருந்திக்கொள்ளாதபடி பூட்டியும் வைத்தார். அதற்கப்புறம் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பழக்கம். கண் கடிகாரத்தைப் பார்க்கும்போதே மனம் இருபதைக் கழித்துவிடும். கழிப்பதே மறந்துபோய்விட்டது, மூச்சு விடுகிற மாதிரி. கோப்பில் விழும் நேரத்தில் மட்டும் யாரும் கழித்ததில்லை. அதை யார் பார்க்கிறார்கள்?

இரண்டு நாளாக அவள் பஸ்ஸைத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள். சுவர் ஐந்து ஐம்பது காட்டும்போது எழுந்தால் ஐந்து நாற்பது பஸ்ஸுக்குச் சாவகாசமாகப் போகலாம், அது பல வருடக் கணக்கு. வியாழனும் வெள்ளியும் பஸ் போயே போயிருந்தது. பஸ்காரன் சீக்கிரம் எடுத்துவிட்டான் என்று அவனைத் திட்டினாள். பாவம் அவன். இதையெல்லாம் அவள் முத்திரையிடம் சொன்னாள்.

"வியாழக்கிழமை காலையில யார் வந்து இதத் திருத்தினாங்க?" என்று முத்திரை கேட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். முதலாளிதான், அன்றைக்கு ஆபீஸ் திறக்கும் முன்பே வந்து, பேட்டரி மாற்ற வேண்டும் என்று ஸ்டூல் கேட்டார், நானே ஏறி மாற்றுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தானே ஏறினார், அப்புறம் ஒவ்வொரு கணினியாகப் போய் உட்கார்ந்து எழுந்தார் என்று வாட்ச்மேன் சொன்னார். பதிவேட்டில் நீங்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவீர்கள் என்று முத்திரை கேட்டார். வாட்ச்மேனுக்குக் கோபம் வந்துவிட்டது. மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். இது என் மகன் வாங்கிக் கொடுத்தது, இதில் எந்த முதலாளியும் கை வைக்க முடியாது என்றார்.

கறார் சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைப் பார்த்தாள். மனதுக்குள் இருபதைக் கழித்தாள்.

முத்திரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறிக்கைய நான் எழுதறேன்," என்றார். "ஆனா அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. கேக்க எனக்கும் ஆசையா இருக்கு."

சரியாக மூன்று மணிக்கு முதலாளி வந்தார். மணி தவறாத மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. கடிதத்தை எடுத்தார், அடியில் கையெழுத்து இல்லாததைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இனி நான் பொறுப்பல்ல, போலீஸுக்குப் போன் போடுகிறேன் என்றார்.

"போடுங்க சார். நானும் நம்பர் தேடிட்டுதான் இருக்கேன்," என்றாள் கறார்.

செவ்வாய்க்கிழமை இந்த அலுவலகத்துக் கடிகாரம் எல்லாமே இருபது நிமிடம் முன்னால் ஓடியது என்று தொடங்கினாள். முதலாளி சுவரைக் காட்டி, எங்கே ஓடுகிறது, சரியாகத்தானே இருக்கிறது என்றார். அப்போது முத்திரை இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது நீங்க கொடுத்த தாள். பதினொண்ணுக்குப் புறப்பட்டதுன்னு சொல்லுது. இது சர்வர் தாள். பத்து நாப்பதுக்கு வந்துடுச்சுன்னு சொல்லுது. புதன்கிழமை வரைக்கும் எல்லா லெட்டரும் அப்படித்தான், புறப்படறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கு. வியாழக்கிழமையிலேருந்து ஒழுங்கா ஒன்பதுக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குச் சேருது. சர்வரோட கடிகாரத்துல நீங்க ஸ்டூல் போட்டு ஏற முடியலைங்க."

"எட்டல," என்றான் மச்சினன்.

கறார் சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது பன்னிரண்டு இருபத்தஞ்சு இல்ல சார். பன்னிரண்டு அஞ்சு. அப்ப நான் பல் டாக்டர் நாற்காலியில வாயத் தொறந்துட்டு உக்காந்திருந்தேன். நீங்க பன்னிரண்டுக்கு வந்தீங்க, பன்னிரண்டு பத்துக்குப் போனீங்க. இந்த நாற்காலியில உக்காந்தது நீங்க."

அவள் விடவில்லை. முதலில் 10.50-க்கு வெளியிலிருந்து மாற்றியதும் நீங்கள்தான், இன்னொரு பாஸ்வேர்டு உங்களிடம்தான் இருக்கிறது என்றாள். வீட்டில் இருந்தபடியே காரியத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தீர்கள். ஆனால் என் கோப்பில் 10.55 என்று நேரம் விழுந்திருந்தது. உண்மையில் நீங்கள்தான் கால் மணி பிந்தி மாற்றினீர்கள், ஆனாலும் உங்கள் கடிகாரத்தை நம்பிய சிங்க் என் கோப்புதான் பிந்தியது என்று எடுத்து உங்கள் பொய்யின் மேல் போட்டுவிட்டது. ஆட்களை விரட்டுவதற்காக நீங்கள் தள்ளி வைத்த இருபது நிமிடம் உங்களையே தோற்கடித்தது. அதனால்தான் பதறிப்போய் நேரில் ஓடி வந்தீர்கள். வந்த இடத்தில் அதே இருபது நிமிடம் என் தலையில் பழியைப் போட உதவும் என்று புரிந்தது, அப்புறம் அது வெளியே தெரியாமலிருக்க வியாழக்கிழமை எல்லாக் கடிகாரத்தையும் திருத்திவிட்டீர்கள் என்றாள்.

எதற்காக என்று அங்கே யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. புதுக் குடியிருப்பைக் கட்டியவர் முதலாளியின் சம்பந்தி. மிச்ச வீடுகளைப் புதன்கிழமை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஏழாம் தொட்டி கெட்டுப்போனது என்று தளத்தில் இருந்தால் எவன் சாவி வாங்க வருவான்?

முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மனிதர் உடைந்துபோய்விட்டார் என்று கறார் நினைத்தாள். அப்படி எல்லாம் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக வேறொரு வழி சொன்னார். கறார் நின்றபடியே விசைப்பலகையில் எதையோ தட்டிக்கொண்டு கேட்டாள். கணினிக் கோளாறு என்று எழுதிவிடலாம். கடிகாரம் தப்பு, இரண்டு பிரதியும் குழம்பிவிட்டன, யார் மேலும் குற்றமில்லை. அவள் பேர் எங்கேயும் வராது. அவள் வேலையிலேயே இருக்கலாம், இனி தளம் முழுக்க அவள் பொறுப்பு. அறிக்கையில் இரண்டு வரி மாற்றினால் போதும். அதற்கு முத்திரையும் ஒத்துக்கொள்வார் என்று தான் நம்புவதாகச் சொல்லி அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கறார் ஒரு கணம் அதை யோசித்தாள், பொய் சொல்வானேன். கோளாறு என்றால் அக்கா நம்பிவிடுவாள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தை பக்கத்தில் உட்காரலாம். பாவம் மெஷின் செய்த வேலை என்று எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். இவரும் அடுத்த முறை இதே மாதிரி ஒரு முடிவை மாற்றுவார். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குக் காது மடல் சுட்டது.

"கம்ப்யூட்டர் ஒரு தப்பும் பண்ணல சார்," என்றாள். "அதுகிட்ட சொன்னத அது செஞ்சுது. என்கிட்ட சொன்னதுதான் நடக்கல."

அவள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். தளத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாள். ஆய்வகத்தின் செவ்வாய்க்கிழமைச் சீட்டை, தேதியும் கையெழுத்துமாக, நடுவில் வைத்தாள். அதன் கீழே இரண்டு தாள்களையும் பதிவேட்டின் பக்கத்தையும் வைத்தாள். தன் சொந்தக் கருத்தாக ஒரு சொல் சேர்க்கவில்லை. 'ஏழாம் தொட்டி, செவ்வாய்க்கிழமை முடிவு: குடிக்கக் கூடாது' என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டாள். நாலு மணி வரை காத்திருக்காமல் சிங்க்கைத் தன் கையாலேயே ஓட்டினாள்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விதி ஆட்களுக்குத்தான், அவருக்கு இல்லை. இதை வெளியிலிருந்து ஒரு நிமிடத்தில் அழிக்கிறேன் பார் என்றார். தட்டினார். மறுபடி தட்டினார். மூன்றாம் தடவை தட்டும்போது அவர் முகம் கறுத்தது.

"பாஸ்வேர்ட மாத்திட்டேன்," என்றாள் கறார். "நீங்க கோளாறு கதை சொல்லிட்டு இருந்தப்ப."

இந்தக் கணினி என்னுடையது, பிளக்கைப் பிடுங்குகிறேன் என்று அவர் எழுந்தார். மச்சினன் ஏற்கெனவே பிளக்குக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கறுத்த கையை விரித்துக் காட்டி, நான் தொட்டால் வெள்ளைச் சட்டையில் போகவே போகாது, பார்த்து வாங்க என்றான். பிடுங்கினாலும் சர்வரில் இருப்பது போகாது என்று முத்திரை பொறுமையாக எடுத்துச் சொன்னார். இப்போதுதான் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். தன் அறிக்கையை மடித்து உறையில் போட்டார். சுகாதார அதிகாரியின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி, தானே நடந்து போய்க் கொடுக்கப்போகிறேன், இந்த ஒரு கடிதத்தைத் தபாலில் போட மாட்டேன் என்றார்.

யாரும் எதிர்பாராத விதமாக வாட்ச்மேன் உள்ளே வந்தார். கையில் கறாரின் போன் இருந்தது. மர அறைக்குள் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது, பெயரைப் பார்த்தேன், மன்னிக்கணும் என்றார். திரையில் அக்கா என்று இருந்தது.

அவள் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வார்டின் சத்தம் கேட்டது, தள்ளுவண்டி, யாரோ இருமுவது.

"நான் கூடாதுன்னுதான் போட்டேன் அக்கா," என்றாள் கறார்.

"படிச்சேன்," என்றாள் அக்கா. "இப்பத்தான் பக்கத்துக் கட்டில்காரங்க போன்ல காட்டினாங்க. எல்லாரும் பாக்கறாங்க." கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "மூணு நாளா நான் எடுக்கவே இல்ல. நீ ஏண்டி அடிச்சுக்கிட்டே இருந்தே?"

"நீ எடுக்கற வரைக்கும் அடிக்கலாம்னுதான்."

"அவ எழுந்து உக்காந்துட்டா. சித்தி எங்கன்னு கேக்கறா. வா."

கறாருக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டாள். கையெழுத்துப் போடாத கடிதத்தை எடுத்து, அதில் அச்சடித்திருந்த தன் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, முதலாளி முன்னால் வைத்தாள். இந்த வாசலைத் தாண்டிப் போனால் திங்கட்கிழமை உனக்கு இங்கே வேலை இருக்காது என்றார் அவர். குரலில் பழைய பலம் இல்லை.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வருவேன்," என்றாள் அவள். "ஏழாம் தொட்டிய மறுபடி டெஸ்ட் பண்ணணும். சீட்டுல என்ன வருதோ அதத்தான் ஏத்துவேன். அப்ப நீங்க இந்த நாற்காலியில இருக்கீங்களான்னு பாப்போம்."